ரெண்டு மூக்குக்கு ஒரு பாட்டில்

ஓடினால் உடம்பு நன்றாகும் என்று சொன்னவர்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் தும்ம வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. முப்பத்தாறு வயது வரைக்கும் எனக்கு வருஷத்துக்கு ஒரு சளி பிடித்தால் அதிகம். போட்டிக்கென்று ஓட ஆரம்பித்த மூன்றே மாதத்தில் அஞ்சு தடவை மூக்கு ஒழுகியது. கைக்குட்டையோடு ஓடினேன். அது போதாமல் தலையில் கட்டிய துப்பட்டாவின் நுனியோடு ஓடினேன். அதைத் துவைத்த வாஷிங் மெஷினுக்கே ஜலதோஷம் பிடித்திருக்கும்.

நான் ஓட வந்ததற்குப் பெரிய லட்சியமெல்லாம் கிடையாது. கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் இருக்கிறது. காலையில் வீட்டுக்காரர் உட்காருவார், மத்தியானத்துக்கு மேல் நான். வளையல், கிளிப், பொட்டு, பவுடர் என்று எல்லாமே உட்கார்ந்த இடத்தில் கையை நீட்டி எடுத்துக் கொடுக்கிற சரக்கு. அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு நாள் கல்லாவுக்கும் கண்ணாடி அலமாரிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் மாட்டிக்கொண்டேன். ஹேர் பேண்ட் வாங்க வந்த ஒருத்திதான் கையைப் பிடித்து இழுத்து விட்டாள். விஷயம் கேள்விப்பட்ட வீட்டுக்காரர், "அலமாரிய நகத்தட்டுமா, இல்ல நீ கொறைக்கிறியா?" என்று கேட்டார். மறுநாள் விடியற்காலை பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விட்டேன். ரோஷம்தான், வேறொன்றும் இல்லை.

அந்த நேரத்துக்கு மைதானத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் நடக்கிற கூட்டம். சர்க்கரைக்காரர்கள், முட்டிவலிக்காரர்கள், வீட்டில் இட்லி வேகிற வரைக்கும் தப்பித்து வந்தவர்கள். ஒருத்தி மட்டும்தான் ஓடுவாள். வெளுத்துப்போன சுடிதார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடுவாள். முதல் நாள் நான் எண்ணிப் பார்த்தேன், என்னைப் பதினொரு தடவை தாண்டிப் போனாள். பன்னிரண்டாவது தடவை வந்தபோது எனக்குக் கோபம் வந்து கூடவே ஓடினேன். முப்பது அடி ஓடியிருப்பேன். அதற்குள் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. அவள் திரும்பி வந்து, "மெதுவாக்கா, மூச்ச மூக்கால இழு" என்றாள். அன்றைக்கு மூக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

அவள் ஊரோரக் காலனியில் இருந்து வருகிறவள். அரிசி மில்லில் வேலை. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, காயக் காயக் காலாலேயே கிளறிக்கொண்டு போக வேண்டும். பகல் முழுக்க வெயிலில் அந்த நடை, அதற்கு முன்னால் விடியலில் ஒரு மணி நேரம் இந்த ஓட்டம். எனக்கு அவள் சொன்னதைக் கேட்டதுமே கால் வலித்தது. பள்ளிக்கூட நாளில் மாவட்டத்துக்கு ஓடியவள். அப்புறம் கல்யாணம், ஒரு பெண் குழந்தை, மில். இப்போது மறுபடியும் ஓடுவதற்கு ஒரே காரணம்தான். மூன்று மாதத்தில் கல்வராயன் மலையில் மாவட்ட அளவில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் வைக்கப்போகிறார்கள். பெண்களில் முதல் மூன்று பேர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாநிலத்தில் ஓடிய சான்றிதழ் இருந்தால், போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனு போடலாம். "இந்த வருசம் வுட்டா எனக்கு வயசு தாண்டிடும்க்கா" என்றாள். ஏழாம் நம்பர் பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

நானும் அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அலமாரிச் சந்தில் மாட்டிக்கொண்டவளுக்கு மலையில் என்ன வேலை என்று வீட்டுக்காரரே கேட்டுவிட்டார்.

பழகின ரெண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, அவள் தண்ணீர் கேட்டாள். பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. குனிந்து, ரெண்டு கையையும் சேர்த்து வாய்க்குக் கீழே குழித்துக்கொண்டு நின்றாள். நான் மேலேயிருந்து ஊற்ற வேண்டுமாம். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் காதெல்லாம் சூடாகிவிட்டது. சின்ன வயசில் அம்மாவோடு கரும்பு வெட்டப் போன இடங்களில் அப்படித்தான் தண்ணீர் கொடுப்பார்கள் என்று பிற்பாடு சொன்னாள். ஓடி முடித்த களைப்பில் அந்தப் பழைய பழக்கம் தானாக வந்துவிட்டது.

"இன்னாம்மா இது, பாட்டில புடிச்சிக் குடி" என்றேன். வாங்கினாள். வாங்கி, அண்ணாந்து, அரையடி உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டாள். பாதி மூக்கில் போய்ப் புரையேறியது. எனக்கு இன்னும் கோபம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஒரு தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே பிரியாணியில் கை வைக்கிறவர்கள் நாங்கள். பக்கத்தில் இருக்கிறவள் முன்னே பின்னே தெரியாதவளாக இருந்தாலும் அவள் பக்கம் கறித்துண்டைத் தள்ளி விடுவோம். எனக்குப் பாட்டிலில் வாய் வைப்பது ஒரு விஷயமே இல்லை. நான் வாங்கி, வாய் வைத்துக் குடித்துவிட்டு, துடைக்காமல் அவளிடம் கொடுத்தேன். "இனிமே நமக்கு ஒரே பாட்டில். வாய வச்சிதான் குடிக்கணும்" என்றேன். அவள் என்னையே பார்த்துவிட்டு வாய் வைத்துக் குடித்தாள். அவளும் துடைக்கவில்லை.

அதுவே சட்டமாகிவிட்டது. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன், நாத்தனாரிடம் சொன்னேன், வளையல் வாங்க வந்தவர்களிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "நாங்க ரெண்டு பேரும் ஒரே பாட்டில்தான்." ஏதோ நான்தான் நாட்டில் ஒரு பெரிய வேலையை முடித்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. வேலை என்னவோ ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்தான்.

முதல் சளி எனக்கு. என் சின்ன மகன் பள்ளிக்கூடத்தில் இருந்து வீட்டுப்பாடத்தோடு கொண்டு வந்தது. நாலு நாளில் அவளுக்குப் பிடித்தது. அவளுக்கு விட்டதும் எனக்கு. எனக்கு விட்டதும் அவளுக்கு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சீர் செய்வது போல முறை வைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். காரணம் மட்டும் எங்களுக்குப் புரியவே இல்லை. அவள் மில் தவிட்டுத் தூசியைத் திட்டினாள். நான் பனியைத் திட்டினேன். தலைக்குக் குளித்த ஈரம் என்றாள் நாத்தனார். வீட்டுக்காரரைப் பெற்ற மாமி, "ட்ரவுசர் போட்டுக்கினு ஊரச் சுத்துனா கண்ணு படாம இன்னா பண்ணும்?" என்றார். அது ட்ரவுசர் இல்லை, கணுக்கால் வரைக்கும் இருக்கிற ட்ராக் பேண்ட். அதற்கு மேல் முட்டி வரைக்கும் குர்தா, அதற்கு மேல் துப்பட்டா. இவ்வளவையும் தாண்டிக் கண் பட வேண்டும் என்றால் அது எக்ஸ்ரே கண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

மருந்துக்குக் குறைச்சல் இல்லை. மாமி கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்து நீட்டினார். அவருக்கு அது சளிக்கும் மருந்து, வயிற்றுவலிக்கும் மருந்து, கடையில் வியாபாரம் கம்மியாக இருந்தாலும் அதுதான். அவள் பங்குக்குத் தூதுவளை ரசம் வைத்து டிபன் பாக்ஸில் கொண்டு வந்தாள். முள்ளைச் சரியாக எடுக்காமல் நாக்கில் குத்தியது. ரெண்டு பேரும் நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தோம். மூக்கில் பாமைத் தேய்த்துக்கொண்டு கண்ணெரிச்சலோடு ஓடினோம். நடக்கிற கூட்டம் நாங்கள் ஏதோ துக்கத்தில் அழுதுகொண்டே ஓடுகிறோம் என்று நினைத்துக்கொண்டது. இத்தனையும் செய்துவிட்டு, ஓட்டம் முடிந்ததும் அந்த ஒரே பாட்டிலில் மாறி மாறி வாய் வைத்துக் குடித்தோம்.

நாலாவது சளியில்தான் க்ளினிக்குக்குப் போனேன். அந்த டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர், பேச்சு மட்டும் வெடுக்கென்று இருக்கும். தினமும் எவ்வளவு தூரம் ஓடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "பழக்கமில்லாத உடம்ப இப்படிப் பிழிஞ்சா அதுக்கு எதிர்த்து நிக்கத் தெம்பு இருக்குமா? சும்மா இருக்கறவங்களுக்கு ரெண்டு நாள்ல போறது உங்களுக்கு உக்காந்துக்கும்" என்றார். பிறகு, கூட ஓடுகிறவர்கள் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். நான் வழக்கம் போலப் பெருமையாக ஆரம்பித்தேன். நாங்கள் ரெண்டு பேர், ஒரே பாட்டில், வாய் வைத்துத்தான் குடிப்போம். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "படிச்சவங்கதானே நீங்க?" என்றார்.

பி.காம். படித்தவள் நான். வெளியே வந்து ஸ்கூட்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். போட்டிக்கு மூன்று வாரம்கூட இல்லை. செய்ய வேண்டியது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். இன்னொரு பாட்டில் வாங்க வேண்டும், அவளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பாட்டில் வாங்கினேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. காலையில் அவள் ஓடி வந்து, வேர்வையோடு சிரித்துக்கொண்டு கையை நீட்டும்போது, "இனிமே உனக்கு வேற பாட்டில்" என்று எப்படிச் சொல்வது? ஊர் முழுக்கத் தனக்கு வேறு கிளாஸ் கொடுப்பதைப் பார்த்தவள். நானும் கடைசியில் அப்படித்தான் என்று நினைத்துவிட்டால்? அவள் மனசு நோகுமே என்றுதான் தயங்கினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். என் நல்ல பெயர் போய்விடுமே என்றுதான் தயங்கினேன்.

அதனால் என்ன செய்தேன் என்றால், நோன்பு பிடித்தேன். பிடிக்கவில்லை, பிடித்ததாகச் சொன்னேன். திங்களும் வியாழனும் நோன்பு வைக்கிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. நான் ரமலானிலேயே விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினால் முனகுகிறவள். "இன்னிக்கு நோன்பும்மா, நீ குடி" என்று பாட்டிலை அவளிடமே விட்டுவிடுவேன். செவ்வாய்க்கும் புதனுக்கும் வயிறு சரியில்லை, வெள்ளிக்கு ஏற்கெனவே குடித்துவிட்டேன். அவள் நம்பினாள் என்றே நினைத்தேன். "நோன்போட ஓடாதக்கா, மயக்கம் கியக்கம் வந்துடும்" என்று என்னை மெதுவாக ஓட வைத்தாள். அவள் போனதும் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் இருக்கிற குழாயில் மாடு குடிப்பது போலக் குடிப்பேன். அல்லாவையும் ஏமாற்றி, அவளையும் ஏமாற்றி, ஒரு உண்மையைச் சொல்லாமல் இருக்க அவ்வளவு பாடு. ஆனால் பத்து நாளில் ரெண்டு பேருக்கும் மூக்கு சுத்தமாகிவிட்டது. அவள் வேகம் ஏறிக்கொண்டே போனது. முதல் மூன்றுக்குள் வருவாள் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

போட்டிக்கு முந்தின ஞாயிறு, பாதையைப் பார்த்துப் பழகக் கல்வராயன் மலைமேல் இருக்கிற கரியாலூர் போனோம். முதல் பஸ். கண்டக்டர், "ஃபால்ஸுக்காம்மா?" என்று கேட்டார். ஓடுவதற்கு என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல் முன்னால் போய்விட்டார். வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்து ஏறியபோது எனக்குத் தொண்டையில் ஒரு அரிப்பு. நாலு தடவை வந்து தங்கிவிட்டுப் போன விருந்தாளி, கதவைத் தட்டும்போதே யாரென்று தெரிந்துவிடும். வீட்டில் சின்னவன் முந்தின நாளே தும்மிக்கொண்டிருந்தான். நான் துப்பட்டாவை வாயோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டேன். "குளுருதாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மலையில் பனி இன்னும் விலகவில்லை. மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு ரோட்டோரம் நின்ற ஒரு பெரியவர், நாங்கள் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா ஓடறீங்க, பின்னாலயே பஸ்ஸு வருது" என்றார். அவள் சிரித்து, ஓட்டம் தடுமாறி நின்றுவிட்டாள். அந்த இடத்தில்தான் பாட்டிலை எடுத்தாள்.

"மொதல்ல நீ குடிக்கா."

"வேணாம், நீ குடி."

"நோன்பு இல்லியே இன்னிக்கு. பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்ச." மூடியைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றாள். கையை இறக்கவில்லை. சிரிப்பும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாந்து ஊற்றிக்கொள்ளலாம். வாய் படாமல் குடிக்க எனக்கும் தெரியும். தொண்டை சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரெண்டையும் செய்யவில்லை. வாய் வைத்துக் குடித்தேன். நன்றாகவே குடித்தேன். அவள் வாங்கி, துடைக்காமல், மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தாள். அதற்குப் பிறகு அவள் ஓடின ஓட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அத்தனை ஏற்றத்தையும் பேசிக்கொண்டே ஏறினாள். மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, காக்கிச் சட்டைக்கு எந்த டெய்லர் என்பது வரைக்கும் பேசினாள்.

புதன்கிழமை அவள் மைதானத்துக்கு வரவில்லை. போன் செய்தேன். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. எனக்கு அது ரெண்டு நாள் மூக்கில் விளையாடிவிட்டுப் போய்விட்டது. அவளுக்கு நெஞ்சில் இறங்கி, காய்ச்சலும் வந்தது. கருஞ்சீரகத்தை நானே தேனில் குழைத்து எடுத்துக்கொண்டு காலனிக்கு ஓடினேன். ஆவி பிடிக்க வைத்தேன். டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். இவ்வளவு செய்தும் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அவள், "தூசிதான்க்கா. களத்துல நேத்து பூரா தூசி" என்றாள். நான் தலையாட்டினேன்.

போட்டி அன்று மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. வாயைத் திறந்துதான் மூச்சு விட்டாள். மூச்சை மூக்கால் இழுக்கச் சொல்லி எனக்குச் சொல்லிக் கொடுத்தவள். விசில் ஊதியதும் முன்னால் போகிறவர்களோடு போய்விட்டாள். நான் பின்னால் வருகிறவர்களோடு பின்னால் வந்தேன். கடைசியில் இருந்து மூன்றாவதாக முடித்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களில் ஒருத்திக்குக் கால் சுளுக்கு, இன்னொருத்தி நடுவில் நின்று போன் பேசினாள். ஆக என் திறமையும் தெரிந்துபோயிற்று.

முடிகிற இடத்தில் குளுக்கோஸ் கலக்கிக்கொண்டிருந்த டீச்சரிடம் அவளைப் பற்றிக் கேட்டேன். "நாலாவதும்மா. கடைசி ஏத்தம் வரைக்கும் மூணாவதா வந்துச்சு அந்தப் பொண்ணு. அங்க இருமல் புடிச்சிக்கிச்சு. நின்னு இருமிட்டு ஓடி வர்றதுக்குள்ள ஒருத்தி தாண்டிட்டா. பத்தடிதான் இருக்கும்."

அவள் ஒரு மரத்தடியில் இன்னும் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "முடிச்சிட்டியாக்கா?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டரம்மா சொன்னது, நோன்பு இல்லாத நோன்பு, போன ஞாயிறு தொண்டை அரித்தது, தெரிந்தே வாய் வைத்துக் குடித்தது. "வேற பாட்டில் குடுத்தா நீ தப்பா நெனச்சிப்பன்னு பயந்துட்டேன்டி" என்றேன்.

மைக்கில் பெயர் கூப்பிட்டு மெடல் கொடுக்க ஆரம்பித்தார்கள். மூன்று பெயரும் முடிகிற வரைக்கும் அவள் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கொழாயில தண்ணி குடிச்சத நான் பாத்தேன்" என்றாள். "மறந்து வச்சிட்டுப் போன செருப்ப எடுக்கத் திரும்பி வந்தேன். நோன்புன்னு சொன்னவ குடிச்சிக்கினு இருக்க. ஒரு வாரமா அதேதான் நெனச்சிக்கினு கெடந்தேன். சளின்னு சொல்லியிருந்தா சளின்னு நெனச்சிருப்பேன். நீ சொல்லல. அப்பறம் நான் இன்னா நெனைக்கிறது?"

நான் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினேன்.

"அதான் அன்னிக்கு மலையில பாட்டில நீட்டிக்கினு நின்னேன். குடிக்கிறியான்னு பாக்கத்தான். நீ வாய வச்சிக் குடிச்சதும் எனக்கு அவ்ளோ சந்தோசமா இருந்துச்சிக்கா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் என்று வீட்டிலும் கடையிலும் எனக்குப் பெயர் உண்டு. பஸ் வந்தது, ஏறினோம். மில்லில் மறுநாள் நெல் அவிக்கிறார்கள், விடியலிலேயே, நாங்கள் ஓடுகிற நேரத்துக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று டிக்கெட் வாங்கும்போது சொன்னாள்.